கேயெண்டாவில் மணி எட்டா, ஒன்பதா?

வாழ்நாளில் முதல் தடவையாக மச்சான் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறார். அன்றைக்குப் பார்த்துத்தான் சோறு கிடைக்கவில்லை.

செப்டம்பர் முதல் திங்களில் வருகிற லேபர் டே லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. அரிசோனாவின் பேஜ் ஊரிலிருந்து சாயங்காலம் 6:15-க்கு வண்டியை எடுத்து, 98-ஆம் நம்பர் ரோட்டைப் பிடித்து, 160-இல் ஏறி, சுமார் 100 மைல் தாண்டி கேயெண்டாவில் இறங்கும்போது மச்சான் கைக்கடிகாரத்தில் சரியாக 8. அந்தச் சாப்பாட்டுக் கடையின் வாசலில் 9 வரைக்கும் என்று எழுதியிருக்கிறது. உள்ளே நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று மச்சான் கடிகாரத்தைத் தட்டிக் காட்ட, அந்தப் பக்கம் துடைப்பத்தோடு நின்ற பையன் சுவர்க் கடிகாரத்தைக் காட்டியிருக்கிறான். அதில் 9:05.

இரண்டு கடிகாரமும் சரிதான்.

அமெரிக்காவே மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்து நவம்பரில் திருப்பி இழுக்கும்போது, கடல் தாண்டின ஹவாயை விட்டால், அரிசோனா மட்டும் 'எங்களுக்கு இருக்கிற வெயில் போதும்' என்று தொடுவதே இல்லை. ஆனால் அரிசோனாவின் வடகிழக்கில் இருக்கிற நவஹோ பூர்வகுடிகளின் நிலமான நவஹோ நேஷன் கடிகாரத்தை மாற்றும், கேயெண்டா அதற்குள்தான் இருக்கிறது. அந்த நவஹோ நிலத்துக்கு நடுவில் இருக்கிற, ஹோப்பி என்ற இன்னொரு பூர்வகுடியின் நிலம் மாற்றாது. ஹோப்பிக்குள்ளே ஜெடிட்டோ என்று ஒரு சின்ன நவஹோ துண்டு இருக்கிறது, அது மறுபடி மாற்றும். வடையில் ஓட்டை, ஓட்டைக்குள் ஒரு வடை, அந்த வடையிலும் ஓட்டை. டூபா சிட்டியில் சாப்பிட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி ஹோப்பிகளின் மோயென்கோபிக்குப் போனால் ஒரு மணி நேரம் இளமையாகிவிடலாம். ஆன்டிலோப் கேன்யன் இருப்பது நவஹோ நிலத்தில், ஆனால் சுற்றிக் காட்டுகிறவர்கள் பேஜ் ஊர் மணிப்படி நடக்கிறார்கள். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. போன் தானாக மாற்றிக்கொள்ளும் என்று மட்டும் நம்பக் கூடாது. எந்த டவர் கிடைக்கிறதோ அந்த மணியைக் காட்டும், பாதி தூரம் டவரே இருக்காது. போன் கடிகாரத்தில் பீனிக்ஸ், டென்வர் இரண்டையும் போட்டு வைத்தால் போதும். கோடையில் பீனிக்ஸ் என்பது அரிசோனா மணி, டென்வர் என்பது நவஹோ, யூட்டா, நியூ மெக்ஸிகோ மணி.

இதையும் விட லேசான வழி, மத்தியானம் நாலு மணிக்குக் கடைக்கு ஒரு போன். "எத்தனை மணி வரை திறந்திருக்கும்" என்று கேட்கக் கூடாது. "உங்க ஊர் மணிக்கு, அடுப்பை எப்ப அணைப்பீங்க?" என்று கேட்க வேண்டும். கதவை 9-க்கு மூடுகிற கடையில் அடுப்பு 8:30-க்கே அணைந்துவிடும். மேப்பில் போட்டிருக்கிற நேரம் எந்தக் காலத்திலோ யாரோ போட்டது. இந்தச் சின்ன ஊர்களில் ஞாயிறு, திங்கள் பல கடைகள் திறப்பதில்லை. யூட்டா பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஊரே அடங்கிக் கிடக்கும். குளிர்காலத்தில் சில கடைகள் மாதக்கணக்கில் பூட்டு.

சரி, பட்டினிக்கு வருவோம். எதிரிலேயே ஒரு கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்ததாம். போர்டில் 'பாஷாஸ்'. அக்கா வாசிக்க, பின்சீட்டிலிருந்து அத்தை, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா பாய் கடை பிரியாணியா? வண்டியை எடுடா" என்று சொல்லிவிட்டார். வண்டி தாண்டிப் போய்விட்டது. பாஷாஸ் என்பது அரிசோனாவின் பலசரக்குக் கடை. கேயெண்டா, சின்லி, டூபா சிட்டி, விண்டோ ராக் என்று நவஹோ நிலத்தில் பல ஊர்களில் இருக்கிறது. ரொட்டி, தயிர், வாழைப்பழம் என்று ஒரு வெள்ளிக்கிழமையைத் தாராளமாக ஓட்டியிருக்கலாம். ராத்திரிச் சாப்பாடு கடைசியில் சிப்ஸும் மாவடு ஊறுகாயும். அந்த சிப்ஸ் பாக்கெட்டும் பலூன் மாதிரி உப்பியிருந்திருக்கிறது. வீடு இருக்கிற பீனிக்ஸ் சுமார் 1,100 அடி உயரம், கேயெண்டா 5,700 அடி. வெளியே காற்றழுத்தம் குறையக் குறைய பாக்கெட் ஊதும். சின்னவன் அதன் மேல் உட்கார்ந்து வெடிக்க வைத்ததில் பக்கத்து ரூம்காரர் கதவைத் திறந்து பார்த்தாராம்.

ரைஸ் குக்கர் என்னாச்சு என்று கேட்பீர்கள். அத்தை ரைஸ் குக்கர் இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார் என்பது தெரிந்ததே. அது முந்தின நாளே கிராண்ட் கேன்யனில் மானம் இழந்தது. தெற்கு விளிம்பு கிட்டத்தட்ட 7,000 அடி. அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்து வெந்துவிடும் என்று நம்பினால் துவரம்பருப்பு ஒரு மணி நேரம் கழித்தும் கோலிக்குண்டாகவே கிடக்கும். மூடியில் ஆவியை அடக்காத ரைஸ் குக்கரால் அந்த உயரத்தில் சோற்றைத்தான் சமாளிக்க முடியும், அதற்கும் அரை டம்ளர் தண்ணீர் கூட வேண்டும். பருப்புதான் வேண்டும் என்றால் மின்சார பிரஷர் குக்கர், இல்லாவிட்டால் ஊறவைத்த பாசிப்பருப்பு. ரூமில் சமைக்கலாமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது உத்தமம். கடுகு தாளிப்பை வீட்டிலேயே முடித்து டப்பாவில் எடுத்துப் போகவும். புகை அலாரத்துக்குக் கடுகு, பெருங்காயம் என்றெல்லாம் வித்தியாசம் தெரியாது.

அத்தையின் வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இந்தப் பக்கம் 'இறைச்சி இல்லை' என்றால் கண்ணுக்குத் தெரிகிற துண்டு இல்லை என்று அர்த்தம். பீன்ஸ் மசியலில் பன்றிக்கொழுப்பு இருக்கும், மைதா டார்டியாவில், அதாவது இந்த ஊர்ச் சப்பாத்தியில், இருக்கும். சோறு சிகப்பாக, பார்க்கத் தக்காளிச் சாதம் மாதிரி இருக்கும், கோழித் தண்ணீரில் வெந்திருக்கும். பச்சை மிளகாய் ஸ்டூ என்றால் பெரும்பாலும் பன்றி. கேட்க வேண்டிய ஸ்பானிஷ் வார்த்தை 'மன்டேகா', அதாவது பன்றிக்கொழுப்பு. 'மன்டேகியா' என்றால் வெண்ணெய், அது பரவாயில்லை. இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் அத்தையின் விரதமே இருக்கிறது. நிம்மதியாகக் கேட்கக்கூடியது கலபசீதாஸ்: பூசணி வகைப் பிஞ்சு, மக்காச்சோளம், பச்சை மிளகாய் வதக்கல். மேலே சீஸ் இருக்கும். அதோடு நீலச் சோள என்சிலாடா, அதாவது குழம்பு ஊற்றின சோள ரொட்டி, உள்ளே சீஸ், வெங்காயம் மட்டும். ஊற்றுகிற குழம்பில் கறி இருக்கிறதா என்று அதையும் தனியாகக் கேட்க வேண்டும்.

ஸ்டார் பார்த்துப் போகிற பழக்கத்தை மச்சான் இன்னும் விடவில்லை. 50 மைல் சுற்றளவில் ஒரே கடை என்றால் அதற்கு ஐந்து ஸ்டார் போடுவது பசி, நாக்கு இல்லை. மதுரையில் இட்லிக்கடை தேடுகிற புத்தியை இங்கே காட்டினால் போதும். பகல் 11 மணிக்கே உள்ளூர் நம்பர் பிளேட்டோடு பிக்கப் வண்டிகள் நிற்கிறதா? ஒரே பக்கத்தில் மெனு முடிகிறதா? ஒரு மணிக்கெல்லாம் 'தீர்ந்துபோச்சு' என்று கையால் எழுதித் தொங்கவிடுகிறார்களா? அங்கே போங்கள். கையில் சில்லறை நோட்டு இருக்கட்டும், கார்டு மிஷின் டவரை நம்பித்தான் வேலை செய்யும்.

அப்படிப்பட்ட இடம் நியூ மெக்ஸிகோவின் கேலப் ஊரில் கூடும் சனிக்கிழமைச் சந்தை. டூபா சிட்டியில் இதே மாதிரி வெள்ளிக்கிழமை கூடும். புரட்டாசி பிறப்பதற்கு முன்னால் கவுச்சிக் கணக்கை நேர் செய்துகொள்ள அத்தைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. கரியடுப்பில் உப்பு மட்டும் போட்டுச் சுட்ட ஆட்டு விலா, சுட்ட பச்சை மிளகாய், அதைச் சுற்ற ஒரு பொரித்த ரொட்டி. மசாலா என்ற பேச்சே கிடையாது. மட்டன் என்றால் இங்கே செம்மறி. வெள்ளாட்டிலேயே வளர்ந்த நாக்குக்கு முதல் கடியில் கொழுப்பு வாடை தூக்கும், மிளகாயைக் கூடவே கடிக்க வேண்டும்.

அந்தப் பொரித்த ரொட்டியைப் பூரி என்று அத்தை பெயர் வைத்துவிட்டார். பூரி இல்லை, பட்டூராவுக்குச் சித்தப்பா மகள். மூன்று கப் மைதா, ஒரு டேபிள் ஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு, ஒன்றேகால் கப் வெதுவெதுப்பான தண்ணீர். ஈஸ்ட் கிடையாது. மாவு ஒன்று சேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி அடித்துப் பிசைந்தால் செருப்புத் தோலாகிவிடும். அரை மணி நேரம் மூடி வைத்து, உருண்டையை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே தட்டித் தட்டி விரிப்பார்கள், குழவி கிடையாது. நடுவில் விரலால் ஒரு ஓட்டை, நடுப்பகுதி உப்பிக்கொண்டு வேகாமல் போகாதிருக்க. எண்ணெய் காயாவிட்டால் குடித்துக்கொள்ளும். பத்து நிமிஷம் ஆறினால் பல் வேலை செய்யாது. அதனால் கண்ணெதிரே பொரிக்கிற கடையில் மட்டும் வாங்க வேண்டும், விளக்குக்கு அடியில் சூடாக வைத்திருப்பதை அல்ல. நவஹோ வீடுகளில் நீலக்குருவி படம் போட்ட துணிப்பையில் வருகிற 'புளூ பேர்ட்' மாவுக்குத்தான் மரியாதை, கொலராடோவின் கோர்டெஸ் ஊர் ஆலையில் அரைப்பது. ருசிக்குப் பின்னால் வயிற்றெரிச்சல் கதை உண்டு: 1864-இல் ராணுவம் இந்த ஜனங்களை நடத்தியே நியூ மெக்ஸிகோவின் கிழக்குப் பக்கம் கொண்டுபோய் அடைத்தது. 1868-இல்தான் திரும்ப விட்டது. ஆடும் சோளமும் போய், ரேஷனில் வந்த மைதாவும் கொழுப்பும்தான் சாப்பாடு. அதிலிருந்து வந்தது இந்த ரொட்டி என்று சொல்வார்கள்.

ரொட்டிக்கார அம்மா தட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்த அத்தை, மேசைக்கு அந்தப் பக்கமே போய்விட்டாராம். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, அத்தைக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. ஒரு உருண்டை கைமாறியது. அத்தை அதை அதிரசம் தட்டுகிற மாதிரி அமுக்கியிருக்கிறார். அந்த அம்மா தலையை ஆட்டி, அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டிக் காட்டி, நடுவில் ஓட்டை போட வைத்து, பொரித்து, அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அத்தை அந்த ரொட்டியை யாருக்கும் பிய்த்துக்கூடத் தரவில்லை.

அல்புகர்க்கியில் மச்சானுடைய முறை. நியூ மெக்ஸிகோவில் எந்தத் தட்டுக்கும் முன்னால் மிளகாயைப் பற்றி ஒரு கேள்வி வரும்: "சிவப்பா, பச்சையா?" இதை மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வியாக 1996-இல் சட்டமன்றமே அறிவித்திருக்கிறது. இரண்டும் வேண்டும் என்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொல்ல வேண்டும். எது காரம் என்பதற்கு நிறம் அடையாளம் இல்லை, அந்த வார மூட்டையைப் பொறுத்தது. "இன்னைக்கு எது காரம்?" என்று பரிமாறுகிறவரைக் கேட்க வேண்டும். மச்சான் கேட்கவில்லை. "நாங்கல்லாம் கோவில்பட்டி" என்று அவருக்குப் புரியாத ஊரைச் சொல்லியிருக்கிறார். நம் குழம்பில் மிளகாய் ஒரு சரக்கு, இங்கே மிளகாயேதான் குழம்பு, கரண்டி கரண்டியாகத் தட்டு மூழ்க ஊற்றுவார்கள். நான்கு கிளாஸ் ஐஸ் தண்ணீர் உள்ளே போயும் விக்கல் நிற்கவில்லை. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது. கூடவே வருகிற சோபபியா என்கிற உப்பின பொரித்த ரொட்டியின் மூலையைக் கடித்து, உள்ளே தேனை ஊற்றிச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் பால். தேன் பாட்டிலைச் சின்னவன் ஏற்கெனவே காலி செய்துவிட்டான்.

திரும்பி வருகிற வழியில் வின்ஸ்லோவில் 1930-இல் கட்டின லா போசாடா என்ற ரயில்வே ஹோட்டல் இருக்கிறது. அந்தக் காலத்தில், ஸ்டேஷன்களில் சாப்பாட்டுக் கடை நடத்தின ஃப்ரெட் ஹார்வி கம்பெனியுடையது. ஹார்வி 1876-இல் கடை போடுவதற்கு முன்னால், ஸ்டேஷனில் காசை வாங்கிக்கொண்டு தட்டு வரும் நேரம் பார்த்து ரயிலை எடுத்துவிடுவார்களாம். கேயெண்டாவில் நம் ஆட்களிடம் காசாவது வாங்கவில்லை. அங்கே இறங்கச் சொல்லியிருந்தேன். இறங்கவில்லை. காரணம், மிளகாய்.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நியூ மெக்ஸிகோவில் கடை வாசலுக்குக் கடை வாசல் கம்பிவலை உருளையைச் சுழற்றி, கேஸ் தீயில் மிளகாய் சுடுவார்கள். ஒரு சாக்கு 25 பவுண்டு. தோல் கருகிக் கொப்பளிக்கும் வரை சில நிமிஷம், உடனே பிளாஸ்டிக் பையில் கொட்டி முடிச்சு. அந்த ஆவியில்தான் தோல் கழன்று வரும். அத்தை ஒரு முழுச் சாக்கு வாங்கிவிட்டார். வீட்டுக்கு 400 மைலுக்கு மேல். சுட்ட மிளகாய் வெயிலில் நின்ற வண்டிக்குள் கெட்டுப் போகும், ஐஸ்பெட்டியில்தான் வைக்க வேண்டும். அதனால் நடுவில் எங்கும் நிறுத்தவில்லை, கண்ணாடியையும் ஏற்றவில்லை.

இப்போது அத்தையின் ப்ரீசரில் வஞ்சிரத்துக்கு இடமில்லை. தோலோடே சின்னச் சின்னப் பையில் போட்டு உறைய வைக்க வேண்டும், எடுத்து உருகும்போது தோல் தானே வழுக்கிக்கொண்டு வரும் என்று சொன்னதற்குள் பாதிச் சாக்கை வெறுங்கையால் உரித்து முடித்துவிட்டார். அந்தக் கையால் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்திருக்கிறார். மீதிப் பாதிக்கு ரப்பர் உறை போட்டுக்கொண்டார். புளி, வெல்லம், நல்லெண்ணெய் சேர்த்துத் தொக்கு கிண்டியாகிவிட்டது, நன்றாகவே இருக்கிறதாம்.

அடுத்த வருஷம் இரண்டு சாக்கு என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் வண்டியில் மச்சானுக்கு இடம் இருக்குமா என்று அக்கா கேட்டதற்கு அத்தை இன்னும் பதில் சொல்லவில்லை.