குழாயில் தண்ணீர் வராத காட்சி

2025 ஜூன் 8, ஞாயிறு அதிகாலை நான்கரை மணி. ஆறு மணிச் செய்திக்கான துண்டுகளை முடித்துக் கொடுத்துவிட்டு, எடிட் அறையின் ஓரத்துத் திரையில் சிஎன்என் வைத்தேன். நியூயார்க்கில் அப்போது சனிக்கிழமை மாலை ஏழு. வின்டர் கார்டன் அரங்கிலிருந்து ‘குட் நைட், அண்ட் குட் லக்’ நாடகம் நேரலையாக வரத் தொடங்கியது. ஜார்ஜ் க்ளூனி 2005இல் இயக்கிய படத்தின் மேடை வடிவம். மேடையில் அவரே எட்வர்ட் மர்ரோ, ஐம்பதுகளின் அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியாளர்.

செனட்டர் மெக்கார்த்தியாக நடிக்க மட்டும் ஆள் இல்லை. பழைய படச்சுருளில் இருந்த நிஜமான மெக்கார்த்தியே திரையில் வந்து பேசினார். அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1954 மார்ச் 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான சிபிஎஸ்ஸின் நிகழ்ச்சியில் மர்ரோவும் தயாரிப்பாளர் ஃப்ரெட் ஃப்ரெண்ட்லியும் செய்ததும் அதுவே. அரசு அலுவலகங்களில் கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருக்கிறார்கள் என்று நான்கு ஆண்டுகளாக ஊரையே நடுங்க வைத்த மனிதரை, அவருடைய பேச்சாலேயே அரை மணி நேரம் காட்டினார்கள்.

அந்த நிகழ்ச்சியின் பதிவைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு விசாரணையில் மெக்கார்த்தி, அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் கம்யூனிஸ்ட் கட்சியின் முகமூடி என்று பட்டியலிடப்பட்டிருப்பதாகச் சொல்கிறார். காட்சி முடிகிறது. எந்த மத்திய அரசு அமைப்பும் அந்தச் சங்கத்தை அப்படிப் பட்டியலிட்டதில்லை என்று மர்ரோ சொல்கிறார். அதிபர்கள் ஐசனோவர், ட்ரூமன், ராணுவத் தளபதி மெக்ஆர்தர் ஆகியோரின் பாராட்டுக் கடிதங்கள் அதனிடம் இருப்பதையும் சேர்த்துக்கொள்கிறார். குரல் உயரவில்லை, பின்னணி இசை இல்லை. இருபது ஆண்டுகளாக எடிட்டிங் மேசையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன்: பேச்சையும் உண்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வதுதான் இந்த வேலையிலேயே கடினம். பொதுவாக மர்ரோவின் முடிவுரையைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு பேச்சும் உண்மையும் சேரும் அந்த ஒட்டுகளே பெரிதாகத் தெரிகின்றன.

நிகழ்ச்சிக்குச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்க நிறுவனம் முன்வரவில்லை. மர்ரோவும் ஃப்ரெண்ட்லியும் சொந்தப் பணத்தைப் போட்டார்கள். அந்த டிசம்பரில் செனட் 67க்கு 22 என்ற வாக்குகளில் மெக்கார்த்தியைக் கண்டித்தது. மர்ரோவுக்கும் விலை இருந்தது: 1955இல் விளம்பரதாரர் விலகினார், வாராந்திர இடம் பறிபோனது, 1958இல் நிகழ்ச்சியே நின்றது.

நாடகத்தின் இறுதியில் இன்றைய காலம் வரையிலான தொலைக்காட்சிக் காட்சிகளை வேகமாகத் தொகுத்து ஓட்டினார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. அவ்வளவு நேரம் பொறுமையாகக் காட்டியவர்கள் கடைசியில் ஏன் அவசரப்பட்டார்கள் என்று வருத்தமாக இருந்தது.

ஆனாலும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு சேனலில் இருந்தபோது, ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்லி, அங்கே வீட்டுக்கு வீடு குடிநீர் வந்துவிட்டது என்று மேடையில் பேசினார். எங்கள் மாவட்டச் செய்தியாளர் பைக்கில் அங்கே போய், காய்ந்த குழாய்களையும் வரிசையில் நின்ற குடங்களையும் எடுத்து அனுப்பினார். பேச்சையும் குழாயையும் அடுத்தடுத்து வைத்தேன். வேறெதையும் சேர்க்கவில்லை. செய்திக்குப் பத்து நிமிடம் முன் யாருக்கோ போன் வந்தது. “குழாய் வேண்டாம், பேச்சு மட்டும் போகட்டும்” என்றார்கள். எடுத்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலை அந்தச் செய்தியாளர் அழைத்தார். “விஷுவல் சரியாக வரவில்லையா சார்?”

“ஆமாம் தம்பி, கொஞ்சம் ஆடியிருந்தது” என்றேன்.

வெட்டியதைவிட அந்தப் பொய்தான் இத்தனை ஆண்டுகளும் என்னை அறுத்தது. குறை தன் கையில் என்று அவர் நம்பியிருப்பாரே என்று நினைக்கும்போதெல்லாம் கூசிப்போவேன்.

நாடகம் முடிந்தது. பகல் ஷிப்ட்காரர்கள் வந்தார்கள். வெளியே டீக்கடையில் நின்று ஏழரை வரை காத்திருந்துவிட்டு அவர் எண்ணுக்கு அழைத்தேன். இப்போது அவர் இந்தத் தொழிலில் இல்லை. சொந்த ஊரில் உரக்கடை வைத்திருக்கிறார்.

“அன்றைக்கு விஷுவல் ஆடவே இல்லை தம்பி. நன்றாக இருந்தது. நான்தான் எடுத்தேன்.”

எந்த விஷுவல் என்று அவர் கேட்கவில்லை.

“இன்னமும் அங்கே லாரித் தண்ணீர்தான் சார்” என்றார்.