மணல் ஒட்டிய ஓவியம்: மோனேயின் துரூவில் கடற்கரை

லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள, பிரெஞ்சு ஓவியர் மோனே 1870 கோடையில் பிரான்சின் துரூவில் என்ற கடலோர ஊரில் வரைந்த சிறிய கடற்கரை ஓவியத்தின் சாயத்துக்குள் மணல் துகள்கள் சிக்கியிருக்கின்றன. கரையிலேயே நின்று வரைந்ததற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

இடப்பக்கம் வெள்ளை உடையில் இருப்பவர் மோனேயின் மனைவி காமில் என்று கருதப்படுகிறது, வலப்பக்கம் கறுப்பு உடையில் இன்னொரு பெண். முகங்கள் ஒருசில தீற்றல்கள்தான். கிட்டப் போனால் வெறும் சாயம். நாலடி பின்வாங்கினால் வெயில்.

வெள்ளை உடையைக் கவனியுங்கள். நிழல் விழும் இடத்தில் கறுப்பு கலந்த சாம்பல் கிடையாது, நீலம் கலந்த வெள்ளை. வெயில் படாத பரப்புக்கு வானம்தான் விளக்கு, அதனால் நிழல் நீலமாகிறது. மணல் மஞ்சள் சார்ந்தது. அதன் பக்கத்தில் அந்த நீலம் இன்னும் தூக்கலாகத் தெரியும்.

இதேபோல் எண்ணெய்ச் சாயத்தில் வரைந்து பார்ப்பவர்கள் தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: ஈரச் சாயத்தின் மேல் மறுபடி மறுபடி தேய்ப்பது. நீலமும் ஆரஞ்சும் போன்ற எதிர் வண்ணங்கள் கலந்து சேறாகிவிடும். தட்டைத் தூரிகையில் சாயத்தைத் தாராளமாக எடுத்து, அழுத்தாமல் ஒரே இழுப்பில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். அடுத்த தீற்றலுக்கு முன் தூரிகையைத் துணியில் துடையுங்கள். சாயத்தை இளக்கும் டர்பென்டைன் அதிகமானால் சாயம் ஒழுகும், தூரிகைத் தடம் நிற்காது.

இன்னொன்று: சுத்த வெள்ளையை முதலிலேயே செலவழித்துவிட்டால், உச்ச ஒளிக்கு மேலே போக இடமிருக்காது. அதைக் கடைசி நாலைந்து தீற்றல்களுக்கு வையுங்கள்.