முக்கால் பங்குக் கோடு

மோட்டார் சர்வேயர் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் என்றுதான் வண்டிக்காரர்கள் நினைக்கிறார்கள். எங்களுக்கு ஃபீஸ் தருவது கம்பெனி என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் சேதத்தை நடுநிலையாக மதிப்பிடத்தான் இன்சூரன்ஸ் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ எங்களுக்கு லைசென்ஸ் கொடுக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு.

செங்கல்பட்டுப் பக்கம் ஜிஎஸ்டி ரோட்டில் லாரிக்குப் பின்னால் போய்ச் செருகிய ஒரு கார். நாலரை வருட வண்டி, ஐடிவி, அதாவது பாலிசியில் எழுதிய வண்டியின் மதிப்பு, 4 லட்சம். ஓனர் ஒர்க்‌ஷாப் வாசலிலேயே போனை நீட்டினார். "சார், ஓஎல்எக்ஸ்ல இதே மாடல் நாலே முக்காலுக்குப் போகுது, பாருங்க." அந்தப் பேச்சு எங்கேயும் எடுபடாது அண்ணே என்றேன். பாலிசியில் எழுதிய ஐடிவிதான் அந்த வருடம் முழுக்க வண்டியின் சந்தை மதிப்பு. அதற்கு மேலே கேட்க முடியாது. அதே விதி கம்பெனியையும் கட்டும். "இன்றைய மார்க்கெட்டில் மூன்றரைதான் பெறும், அதுக்கு முடிச்சுக்கலாம்" என்று எந்த அதிகாரியாவது சொன்னால், அதற்குத் தலையாட்ட வேண்டியதில்லை. டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேர் பார்க்காமல் முழு மதிப்பையும் தரும் நிலை, என்று முடிவானால் ஐடிவியில் மேற்கொண்டு தேய்மானம் கழிக்க இடமில்லை.

அப்படியானால் பேரம் எங்கே? டோட்டல் லாஸா இல்லையா என்பதில். ரிப்பேர்ச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் டோட்டல் லாஸ். இவருக்கு அந்தக் கோடு 3 லட்சம். ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 3 லட்சத்து 60 ஆயிரம். தாண்டிவிட்டதே என்று அவர் நிம்மதியாகிவிட்டார். ஆனால் பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்ட செலவைத்தான் கம்பெனி கணக்கில் எடுக்கும். தேய்மானமாகப் பிளாஸ்டிக், ரப்பருக்கு 50 சதவீதம், இந்த வயது வண்டியின் உலோக பாகங்களுக்கு 35 சதவீதம் கழிந்தது. கண்ணாடிக்கு மட்டும் கழிவில்லை. கடைசியில் 2 லட்சத்து 30 ஆயிரத்தில் வந்து நின்றது. மீதியை அவர் கையிலிருந்து போட்டு, முட்டிய வண்டியையே திரும்ப ஓட்ட வேண்டும். பம்பர் டு பம்பர் என்று சொல்லும், பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் எடுத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. பிரீமியம் குறையட்டும் என்று ஏஜென்ட் விட்டுவிட்டாராம். இதே காரணத்துக்காக ஐடிவியையே குறைத்து எழுதிக் கொடுக்கும் ஏஜென்ட்களையும் பார்த்திருக்கிறேன்.

முதல் எஸ்டிமேட் வெளியிலிருந்து பார்த்துப் போட்டது. வண்டியைப் பிரிக்காமல் உள்சேதம் தெரியாது. "பிரிச்சுப் பார்க்கணும்னு எழுதிக் கொடுங்க" என்று ஓனரிடம் சொன்னேன். இது சலுகையில்லை, பிரிக்காமல் நான் ரிப்போர்ட் எழுதினால் அதுதான் அரைகுறை வேலை. கம்பெனியில் ஒருவர் "எதுக்கு சார் இழுக்கறீங்க?" என்று முகம் சுளித்தார். பிரித்தபோது சேஸிஸ் மெம்பர் வளைந்திருந்தது, கியர்பாக்ஸ் ஹவுசிங் விரிசல் விட்டிருந்தது. கூடுதல் எஸ்டிமேட் சேர்ந்து மொத்தம் 4 லட்சத்து 90 ஆயிரம். தேய்மானம் போக 3 லட்சத்து 15 ஆயிரம். கோடு தாண்டியது.

அதற்குப் பிறகும் ஒரு இழுபறி. உடைந்த வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதன் விலையைக் கழித்துத் தருகிறோம் என்றார்கள். சால்வேஜுக்கு அவர்கள் போட்ட விலையைத் தர அவருக்குத் தெரிந்த பழைய இரும்புக்காரர் யாரும் தயாராக இல்லை. அவர் மறுத்ததும் கம்பெனியே வண்டியை எடுத்துக்கொண்டது. ஓனரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் போக 3 லட்சத்து 99 ஆயிரம். லோன் பாக்கியை பேங்க் முதலில் எடுத்துக்கொண்டது.

இவருக்கு இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மேன் வரை போக வேண்டி வரவில்லை. போகிறவர்கள் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பார்க்க வேண்டும். அங்கே வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை. சர்வே ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். கேட்டால் தரத்தான் வேண்டும், ஆனால் கேட்பவர்கள் குறைவு.