ஒரே வேகம், மூன்று கியர்: 200 மி.லி. பெட்ரோலில் ஒரு சோதனை

வேகமாக ஓட்டினால் மைலேஜ் குறையும் என்பது எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அந்தக் குறைவில் எதிர்க்காற்றின் பங்கு எவ்வளவு, இன்ஜின் சுழலும் வேகத்தின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. அதற்கு வழி எளிது: வண்டியின் வேகத்தை 50 கி.மீ.யில் நிறுத்திக்கொண்டு கியரை மட்டும் மாற்றினால் எதிர்க்காற்று மாறாது, ஆர்.பி.எம். (இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுழலும் சுற்றுகள்) மட்டுமே மாறும். என்னிடம் இருப்பது பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த 2020 ஏப்ரலுக்கு முந்தைய, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள 150 சி.சி. பைக்.

முதலில் டேங்கை விளிம்புவரை நிரப்பி, கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பாண்டிச் சாலையில் போய்வந்து, மீண்டும் நிரப்பி அளந்தேன். கணக்கு ஒரு நாளைப் போல மறுநாள் வரவில்லை. காரணம் புரிய ஒரு வாரம் ஆயிற்று. பெட்ரோல் ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். 12 லிட்டர் டேங்க் வெயிலில் எட்டு டிகிரி சூடானால் 100 மி.லி. அளவுக்குப் பிழை வந்துவிடும். நாற்பது கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் செலவாகும் வண்டியில் இந்தப் பிழையை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

"டேங்கை நம்பாதீங்க தம்பி, பாட்டில் கட்டி ஓட்டிப் பாருங்க" என்றார் எங்கள் தெரு மெக்கானிக். கார்புரேட்டரை வற்ற ஓடவிட்டு, அளவுக்கோடு போட்ட பாட்டிலில் 200 மி.லி. ஊற்றி, ஹேண்டில்பாரில் கட்டிக் குழாயை இணைத்தார். முதல் ஓட்டத்தில் இரண்டு கிலோமீட்டரிலேயே வண்டி நின்றுவிட்டது. பாட்டிலிலோ பாதிக்குமேல் பெட்ரோல் இருந்தது. மூடியில் காற்றுக்குத் துளை போட இருவருமே மறந்திருந்தோம். ஊசியைச் சூடாக்கிக் குத்திய பிறகு எல்லாம் சரியானது.

அதன்பின் ஆல்பேட்டையிலிருந்து வடக்கே, போக்குவரத்தும் காற்றும் குறைந்த விடியற்காலையில் மட்டும் ஓட்டினேன். புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடையில் விலை குறைவு என்ற சபலத்தை அடக்கிக்கொண்டு, எல்லா ஓட்டத்துக்கும் ஒரே பங்க்கில் ஒரே நாளில் போட்ட பெட்ரோலையே பயன்படுத்தினேன். 50 கி.மீ. வேகத்தில் 200 மி.லி.க்கு ஓடிய தூரம், ஒவ்வொரு கியரிலும் இரண்டு ஓட்டங்களின் சராசரியாக, இது: ஐந்தாவது கியரில் 4,000 ஆர்.பி.எம்., 11.3 கி.மீ.; நான்காவதில் 4,700, 10.2 கி.மீ.; மூன்றாவதில் 6,000, 8.7 கி.மீ. லிட்டர் கணக்கில் 56.5, 51, 43.5.

சக்கரத்துக்குத் தேவையான திறன் மூன்றிலும் ஒன்றுதான். ஆனால் மூன்றாவது கியரில் பிஸ்டன் ஒன்றரை மடங்கு அதிக முறை ஏறி இறங்குவதால் உராய்வில் வீணாவது கூடுகிறது. போதாததற்கு, அதே திறனைக் கூடுதல் சுற்றுகளில் பெறும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் குறைந்த கலவையே போதும் என்பதால் ஆக்ஸிலரேட்டர் கொஞ்சமாகவே திறந்திருக்கிறது. பாதி மூடிய வாசல் வழியே மூச்சிழுப்பதுபோல், காற்றை உறிஞ்சுவதற்கே பிஸ்டன் உழைக்க வேண்டியிருக்கிறது. பெட்ரோல் இன்ஜினுக்கே உரிய இந்த இழப்பை நான் முன்பு கணக்கிலேயே எடுத்துக்கொண்டதில்லை.

ஒப்பிட, ஐந்தாவது கியரில் 70 கி.மீ. வேகத்திலும் ஓட்டினேன். 5,600 ஆர்.பி.எம்.மில் 9.2 கி.மீ. கிடைத்தது. எதிர்க்காற்றின் விசை ஏறக்குறைய இரு மடங்காகியும், 50 கி.மீ.யில் மூன்றாவது கியரைவிட இது மேல் என்பது எனக்கு வியப்பாகவே இருந்தது.

அப்படியானால் ஆர்.பி.எம்.மை இன்னும் இறக்கினால் என்ன என்று ஐந்தாவது கியரில் 30 கி.மீ. வேகத்தில் தொடங்கிய ஓட்டத்தை முடிக்கவில்லை. 2,400 ஆர்.பி.எம்.மில் செயின் வெட்டி வெட்டி இழுத்தது, முறுக்கினாலும் வண்டி ஏறாமல் திணறியது, இன்ஜினில் தட்டும் சத்தமும் கேட்டது. ஓரம்கட்டி, பாட்டிலில் மிச்சமிருந்த பெட்ரோலை டேங்கிலேயே ஊற்றிவிட்டு, நான்காவது கியரில் வீடு திரும்பினேன்.