பெயரா, பாடமா?

சைதாப்பேட்டை பிரவுசிங் சென்டரில் இன்று ஒரு தந்தை, அச்சிட்டு வந்த பொறியியல் கல்லூரிகளின் தேசியத் தரவரிசையின்படியே மகளின் கலந்தாய்வு விருப்பப் பட்டியலை நிரப்பிக்கொண்டிருந்தார்.

“இந்தக் காலேஜ்ல சிவில் இல்லப்பா” என்றாள் அவள்.

“பேரு பெருசும்மா.”

2016 முதல் வெளிவரும் அந்த என்.ஐ.ஆர்.எஃப். வரிசையில், பொறியியல் நிறுவனங்களுக்கான மதிப்பெண்ணில் 30 விழுக்காடு ஆய்வுக்கும் 10 விழுக்காடு பிறர் கொண்டுள்ள அபிப்பிராயத்துக்கும் உரியவை. நிறுவனத்தை முழுமையாக எடைபோடும் அது, சிவில் துறையில் ஆசிரியர்கள் போதுமா, ஆய்வகம் நன்றாக இயங்குகிறதா என்பதைத் தனியே சொல்வதில்லை.

விளம்பரப் பலகைகளை நம்புவதைவிடத் தரவரிசை எவ்வளவோ மேல்தான்.

ஆனாலும், நான்காண்டுகள் படிக்கப்போகிறவளின் விருப்பத்தை ஓர் எண் முந்திவிடுவது எனக்கு வலிக்கிறது.

பெற்றோர்களே, என்.பி.ஏ. எனப்படும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியே வழங்கப்படுவதால் முதலில் அதைப் பாருங்கள். பிறகு அத்துறையில் இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடமாவது பேசுங்கள்.