வரவு மட்டும் எழுதிய நோட்டு

தேவகோட்டையிலிருந்து புனித அருளானந்தரின் திருத்தலமான ஓரியூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். செவ்வாய்க்கிழமை மதியம் கிளம்பி, இரவு திருவாடானையில் படுத்து, விடிகாலை மூன்று மணிக்கு மறுபடி நடந்தால் புதன் காலைப் பூசைக்குப் போய்விடலாம். இந்தத் தடவை எங்கள் கோயில் பங்கிலிருந்து 14 பேர். தங்கச்சி மகளும் கூட வந்தாள். என் பையில் ஒரு மாற்றுச் சேலை, ஒரு தூக்குவாளி நிறையச் சீப்புச் சீடை, அப்புறம் அம்மாவின் நோட்டு.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா எங்கள் ஊரில் ஒரு நகரத்தார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். முகப்பில் கணக்குப்பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், நாள்வழியும் பேரேடும் முடியாமல் எழுந்திருக்க மாட்டார். செட்டிநாட்டுக் கணக்கைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அதில் காலணா தவறாது. சாமிக்கு ஒதுக்கும் மகமையும் கணக்கில் ஏறும். மகளுக்குக் கொடுக்கிற சீர் சாமான்கூட ஒவ்வொன்றாகப் பட்டியலில் ஏறும். "எழுதாத வரவு வராத வரவுதான்" என்பார் அப்பா. அவர் சொன்னது பணத்தை. அம்மா அதை வேறு மாதிரிப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா படித்தது நாலாம் வகுப்பு. அப்பா தந்த ஒரு நீள நோட்டில், மேலே "சேசு மரி சூசை" என்று இயேசு, மரியாள், யோசேப்பு பெயர்களை எழுதி, கீழே "வரவு" என்று தலைப்பிட்டாள். செலவுக்குப் பக்கமே இல்லை. ஆண்டவர் தந்தது மட்டும். "பெரியவளுக்குக் காய்ச்சல் விட்டது." "கிணற்றில் ஊற்றுக் கண்டது." "அரிசி தீர்ந்த அன்றைக்கே ஆச்சி ஒரு மரக்கால் அளந்து அனுப்பினார்கள்." "ராத்திரி முழுக்க மழை. அடுப்பங்கரை ஒழுகவில்லை." ஒரு நாளைக்கு ஒரு வரிக்கு மேல் கிடையாது. பல நாட்களுக்கு அதுவும் கிடையாது. ஆனாலும் 40 வருடத்துக்கும் மேல் எழுதியிருக்கிறாள்.

அம்மா போனபின் நோட்டு என்னிடம் வந்தது. நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை என்பதே உண்மை.

வீட்டில் பலகாரம் போட்டுக் கொடுப்பது என் தொழில். கைமுறுக்கு, தேன்குழல், மனகோலம், கல்யாணச் சீருக்கு அதிரசம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மாலை எண்ணெய்ச் சட்டி சாய்ந்து வலது கை வெந்துபோனது. ஏழு மாதம் மாவைத் தொட முடியவில்லை. அதே சமயத்தில், எங்களிடம் பலகாரம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு வியாபாரி பாக்கியைத் தராமலே நின்றுவிட்டார். அந்த நாட்களில் நான் செபித்ததெல்லாம் கேட்பதற்குத்தான். இதைக் கொடு, அதைக் காப்பாற்று, இந்த மாதம் எப்படியாவது கழியட்டும். மாதம் கழிந்தது. கழிந்ததை நினைத்துப் பார்க்க மட்டும் ஒரு நிமிடம் நிற்கவில்லை. அடுத்த மாதத்துக்கு அழ ஆரம்பித்துவிட்டேன். வேண்டுதல் எல்லாம் மனதில் இருக்கும், கிடைத்தது மட்டும் எப்படித்தான் மறந்துபோகிறதோ.

ஊரைத் தாண்டியதும் வெயில் தணிந்தது. இரண்டு பக்கமும் அறுத்த வயல், கண்மாய்க் கரையில் பனை, மற்ற இடமெல்லாம் சீமைக்கருவேலம். செபமாலை சொல்லிக்கொண்டே நடந்தோம். வழியில் ஒரு ஓட்டு வீட்டு வாசலில் "எபெனேசர் இல்லம்" என்று கல்லில் பொறித்திருந்தது.

"எபெனேசர்னா என்ன பெரியம்மா?" என்றாள் தங்கச்சி மகள்.

உதவியின் கல் என்று அர்த்தம். சாமுவேல் முதல் புத்தகம் 7-ஆம் அதிகாரத்தில் வருகிறது. பெலிஸ்தியரை வென்ற பிறகு சாமுவேல் ஒரு கல்லை நாட்டி, இதுவரைக்கும் ஆண்டவர் நமக்கு உதவி செய்தார் என்று சொல்லி அந்தப் பெயரை வைத்தார். "இதுவரைக்கும்" என்ற அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாளைக்கு என்ன என்று அவர் சொல்லவில்லை. நின்ற இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். இன்னொன்றும் அவளுக்குச் சொன்னேன். அதே புத்தகத்தின் 4-ஆம் அதிகாரத்தில் இஸ்ரயேலர் தோற்றுப்போய் உடன்படிக்கைப் பேழையையே பறிகொடுக்கிறார்கள். அந்தப் போருக்கு அவர்கள் பாளயம் இறங்கிய இடத்தின் பெயரும் எபெனேசர்தான். தோற்ற இடத்தின் பெயரையே நன்றிக் கல்லுக்கும் வைத்திருக்கிறார். இதை முதலில் கவனித்த அன்றைக்கு நான் வேதாகமத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

திருவாடானையில் கோபுர விளக்கு தெரிந்தபோது மணி ஒன்பது ஆகியிருந்தது. தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் இடம் கொடுத்தார்கள், சுடச்சுட இட்லியும் வந்தது. மற்றவர்கள் தூங்கினார்கள். எனக்குக் கால் வலியில் தூக்கம் வரவில்லை. செல்போன் வெளிச்சத்தில் நோட்டைப் புரட்டினேன்.

அப்பா இறந்த நாளின் பக்கத்துக்கு இதுவரை நான் போனதே இல்லை. அன்றைக்கு அம்மா எழுதியிருக்க மாட்டாள் என்றே நினைத்திருந்தேன். எழுதியிருந்தாள். எழுத்து கோணியிருந்தது.

"வரவு: 31 வருஷம்."

அவர்கள் சேர்ந்து வாழ்ந்த காலம் அது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அடுத்த வரி நாலு மாதம் கழித்து, வாசல் முருங்கை காய்த்ததைப் பற்றி. நோட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு படுத்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது, மூன்று மணிக்கு எழுப்பிவிட்டார்கள்.

பனியில் நடந்தோம். அருளானந்தர் கதையைச் சொல்லச் சொல்லி இவள் நச்சரித்தாள். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்கே தே பிரித்தோ என்று அவருடைய சொந்தப் பெயர் இருக்கிறது, ஆனால் முழுக் கதை பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. 1647-ல் லிஸ்பனில் பிறந்தவர், அரண்மனையில் வளர்ந்தவர். 1673-ல் கப்பலேறி வந்தார். காவி உடுத்தி, புலால் விட்டு, சந்நியாசியாகவே நம் மக்களோடு இருந்தார். 1686-ல் மறவர் நாட்டில் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். இனி இந்த மண்ணில் போதிக்கக் கூடாது என்று சொல்லி விட்டுவிட்டார்கள். பிறகு போர்த்துகல் போனார். அரசரே அங்கே இருக்கச் சொல்லிக் கேட்டும் 1690-ல் திரும்பி இங்கேயே வந்தார். மறவர் சிற்றரசர் தடியத்தேவர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கு உறவு. அந்தக் கோபம் ஓரியூரில் வந்து முடிந்தது. 1693 பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன். பாம்பாற்றங்கரையில் தலையை வெட்டினார்கள். 1947-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

"அப்ப சாமி அவரைக் காப்பாத்தலையே பெரியம்மா?"

பதினோரு வயதுப் பிள்ளை. என்ன சொல்வது? கொஞ்ச தூரம் சும்மா நடந்தேன். பிறகு, சாவதற்கு முந்தின நாள் சிறையிலிருந்து தன் சபைக் குருக்களுக்கு அவர் கடிதம் எழுதியதைச் சொன்னேன். மை இல்லை; கரியைத்தான் தண்ணீரில் குழைத்துக்கொண்டார். அந்தக் கடிதத்தில் புலம்பல் இல்லை, சந்தோஷம்தான் இருந்தது என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. எனக்கும் அதற்குமேல் தெரியாது. ஆனால் திண்ணையில் படித்த அந்த ஒற்றை வரியும் இந்தக் கரிக் கடிதமும் ஒரே கையெழுத்துபோல எனக்குத் தோன்றியது.

ஓரியூர் வந்ததும் எல்லோரும் முதலில் செம்மண் திடலுக்குத்தான் போனோம். அவர் இரத்தம் பட்டுச் சிவந்த மண் என்று சனங்கள் நம்பி எடுத்துப்போகிறார்கள். அவர் இறந்தது புதன் என்பதால் புதன்கிழமைதோறும் கூட்டம். கிறிஸ்தவர் மட்டுமா வருகிறார்கள்? குலசாமியாகவே அவரைக் கும்பிடும் இந்துக் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. எனக்கு முன்னால் ஒரு பெரியவர், நெற்றியில் விபூதியோடு, பேரப்பிள்ளையை அந்த மண்ணில் கிடத்தி எடுத்தார். நான் முழங்காலிட்டுக் கையை மண்ணில் வைத்தேன். வெந்த கை. தோல் இன்னும் இழுத்துப் பிடித்துத்தான் இருக்கிறது. அன்றைக்கு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

பூசை முடிந்து, சாப்பிட்டு, பஸ்ஸுக்காக வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். அப்போதுதான் நோட்டை எடுத்தேன். அம்மாவின் கடைசி வரிக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி விட்டு, "சேசு மரி சூசை" என்று எழுதினேன். பிறகு:

"சுண்டுவிரல் மடங்குகிறது."

"ஏழு மாதம் அடுத்த வீட்டு ஆச்சி இரவுக் குழம்பு அனுப்பினார்கள். ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை."

"தங்கச்சி முறுக்குச் சுற்றக் கற்றுக்கொண்டாள். வாடிக்கை விட்டுப்போகவில்லை."

வியாபாரி தராத பாக்கி நினைவுக்கு வந்தது. பேனா நின்றது. அதை எழுத இந்த நோட்டில் பக்கம் இல்லை. விட்டுவிட்டு அடுத்ததை எழுதினேன். ஒன்றை எழுதினால் அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது. மூன்று வருடத்து வரவு, மறந்தேபோனவை. ஆஸ்பத்திரிக்கு ஓடிய இரவில் காசு வாங்காமல் கொண்டுபோய் விட்ட ஆட்டோக்காரரை எப்படி மறந்தேன்? பக்கம் நிறைந்து அடுத்த பக்கம் போனேன். விரலில் ஒட்டியிருந்த செம்மண் தாளின் ஓரத்தில் அப்பிக்கொண்டது.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள், "பெரியம்மா, பஸ் வருது" என்றாள். பிறகு நோட்டில் விரலை வைத்து, "அப்பத்தா எல்லாத்துக்கும் தேதி போட்டிருக்காங்க, நீங்க போடலையே" என்றாள்.

அவளை அம்மா "அம்மத்தான்னு சொல்லுடி" என்று எத்தனையோ முறை திருத்தியிருக்கிறாள். பஸ்ஸில் ஏறி, இடம் பிடித்து, முதல் வேலையாகத் தேதி போட்டேன்.