செங்கீரை ஆடிய நாள்

பத்தாம் வகுப்பில் குமரகுருபரரின் முத்துக்குமாரசாமி பிள்ளைத்தமிழிலிருந்து ஒரு செங்கீரைப் பாடல் இருக்கிறது. ஐந்தாறு மாதக் குழந்தை இரு கையையும் ஊன்றி, ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, தலை நிமிர்ந்து ஆடும் பருவம். பலகையில் எழுதிப்போட்டு, அடிக்கோடிட்டு, "இது கட்டாயம் தேர்வுக்கு வரும்" என்பேன். அப்படித்தான் நடத்திவந்தேன்.

2021 ஆகஸ்டில் மகள் பிறந்தாள். அதற்கு முந்தைய மாதம்தான் அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 9 மாதத்திலிருந்து 12 மாதமாகியிருந்தது. ஒருநாள் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தேன். பாயில் குப்புறக் கிடந்தவள் கையை ஊன்றி எழும்பினாள். வலது கால் மடங்கியிருந்தது, இடது கால் பின்னால் நீண்டிருந்தது. தலை மெல்ல இப்படியும் அப்படியும் ஆடியது. பாதி உரித்த வெங்காயத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். காற்றில் கீரைச்செடி அசைவதுபோல என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

விடுப்பு முடிந்து போனதும் அந்தப் பாடத்தை வேறு மாதிரி தொடங்கினேன். "யார் வீட்டில் கைக்குழந்தை இருக்கு?" என்று கேட்டேன். "எங்க அக்கா பாப்பா இப்படித்தான் டீச்சர் பண்ணும்" என்று ஒரு பையன் தரையிலேயே செய்து காட்டினான். அப்புறம் காலுக்குக் கிண்கிணி, இடைக்கு அரைஞாண், நெற்றிக்குச் சுட்டி என்று பாட்டிலுள்ள அணிகலன்களை அவர்களே வீட்டிலிருந்து எடுத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

எழுத்துதான் நின்றுபோனது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கதைக்குத்தான். பிறகு இரண்டு வருடம் ஒரு வரிகூட இல்லை. விடைத்தாள் கட்டு, சோறு ஊட்டல், தாலாட்டு, அவ்வளவுதான். அது எனக்கு வலித்தது, இப்போதும் வலிக்கிறது.

மகளுக்குப் பேச்சும் தாமதமாகத்தான் வந்தது. "தமிழ் டீச்சர் புள்ளைக்கே பேச்சு வரலையா?" என்று பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் கேட்டார். வீடு வரும்வரை அழுதேன். ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூரில் வாய் திறந்து பாடியதாகச் சொல்லும் கதையை அத்தை திரும்பத் திரும்பச் சொல்லி என்னைத் தேற்றினார். நான் காதைப் பரிசோதிக்கக் கூட்டிப்போனேன். கேட்பதில் குறையில்லை என்றார்கள்.

ஒரு காலையில் அவள் "வாயப்பயம்" என்றாள். அன்றிரவு பாடக்குறிப்பேட்டின் பின்பக்கத்தில் அந்தச் சொல்லை எழுதிவைத்தேன். இரண்டு வருடம் கழித்து நான் எனக்காக எழுதிய முதல் சொல் அது. அதன்பின் தினமும் நாலு வரியாவது எழுதுகிறேன்.

'நுனிநா அணரி அண்ணம் வருட' என்று ழகரம் பிறக்கும் விதத்தைத் தொல்காப்பியம் சொல்கிறது. நுனிநாக்கை மேலே வளைத்து அண்ணத்தைத் தடவச் சொல்லி அவளுக்குக் காட்டுகிறேன். முயல்கிறாள், வழுக்கிவிடுகிறது, சிரிக்கிறாள். வகுப்பிலும் ழகரம் தவறினால் முன்புபோல் உடனே மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. அருகில் அழைத்து நாக்கு எங்கே போகவேண்டும் என்று காட்டிவிட்டு, இன்னொரு முறை எழுதச் சொல்கிறேன்.

நேற்றிரவு குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தேன். தூக்கத்திலிருந்து எழுந்துவந்து மடியில் சாய்ந்துகொண்டாள்.

"என்னம்மா எயுதுற?"

"உன்னைத்தான்டி."

பேனாவைக் கேட்டாள். எதிர்ப்பக்கத்தை அவள் பக்கம் திருப்பிவைத்தேன்.